ஒன்பது வருடம் ஒரே ஃபில்டரில் காபி போட்ட அனுபவம்

எங்கள் வீட்டு ஸ்டீல் ஃபில்டரை 2016 சித்திரையில் சேலம் கடைவீதியில் ஒரு பாத்திரக் கடையில் வாங்கினேன். ஒன்பது வருடம் முடிந்துவிட்டது. ஊருக்குப் போன நாட்களைக் கழித்துவிட்டால், காலையில் ஒரு தடவை, சாயந்திரம் ஒரு தடவை என்று அது ஓய்ந்ததே இல்லை. ஃபில்டர் வாங்கியும் காபி சரியாக வராமல் மறுபடி இன்ஸ்டன்ட் பாட்டிலுக்குப் போய்விட்டவர்கள் என் அலுவலகத்திலேயே நாலு பேர் இருக்கிறார்கள். அவர்கள் கேட்கும்போதெல்லாம் துண்டு துண்டாகச் சொல்லி வந்ததை இங்கே மொத்தமாக எழுதுகிறேன்.

இதற்கு முன்னால் இருந்தது சீரோடு வந்த பித்தளை ஃபில்டர். பார்க்க அத்தனை அழகு. புளி போட்டுத் தேய்த்து வைத்தால் சமையலறையே வெளிச்சமாக இருக்கும். ஆனால் உள்ளே பூசிய வெள்ளீயம் இரண்டு வருடத்தில் தேய்ந்து, அடியில் பித்தளை தெரிய ஆரம்பித்தது. காபியில் புளிப்பு உண்டு. அது வெறும் பித்தளையில் மணிக்கணக்கில் நின்றால் களிம்பு ஏறும், டிகாஷனில் ஒரு உலோக வாடை வரும். எனக்கு முதலில் அது பொடியின் குறை என்றே தோன்றியது, இரண்டு கடை மாற்றிப் பார்த்தேன். கடைசியில் கீழ்ப் பாத்திரத்தின் ஓரத்தில் பச்சையாக ஒரு கோடு தெரிந்த பிறகுதான் காரணம் புரிந்தது. ஈயம் பூசுபவர் முன்பெல்லாம் தெருவுக்கு வருவார், இப்போது தேடிப் போக வேண்டும். அதற்கு ஆள் இருக்கிற ஊரில் இருந்தால் பித்தளை வாங்குங்கள். இல்லையென்றால் நல்ல கனமான ஸ்டீல் போதும். சுவையில் வித்தியாசம் தெரியவில்லை.

ஃபில்டர் வாங்கும்போது நான் செய்த பெரிய தப்பு, பெரியதாக வாங்கியது. விருந்தாளி வந்தால் ஆகும் என்று எட்டுப் பேருக்கான அளவில் எடுத்தேன். அதில் மூன்று ஸ்பூன் பொடி போட்டால் அடித்தட்டில் ஒரு மெல்லிய படலமாகத்தான் நிற்கும், வெந்நீர் அதைத் தொட்டும் தொடாமலும் ஓடிவிடும். மூன்று நிமிடத்தில் இறங்கி முடிந்த டிகாஷன் டீத்தண்ணீர் மாதிரி இருந்தது. மேல் பாத்திரத்தில் பொடி கால் பங்கு உயரத்துக்காவது நிற்க வேண்டும். ஒரு மாதம் கழித்து அதைத் திருப்பிக் கொடுத்துவிட்டு மூன்று, நாலு பேருக்கான ஃபில்டரை எடுத்தேன். இந்த ஒன்பது வருடத்துக்காரன் அதுதான்.

வாங்கும்போது மேல் பாத்திரத்தை வெளிச்சத்துக்கு எதிரே தூக்கிப் பாருங்கள். ஓட்டைகள் ஒரே அளவில், நெருக்கமாக, பொடிப்பொடியாக இருக்க வேண்டும். ஓட்டை பெரிதாக இருந்தால் டம்ளர் அடியில் மண்டி நிற்கும். ஒன்றை ஒன்றின் மேல் வைத்துப் பாருங்கள். ஆடக் கூடாது, இறுகிப் பிடிக்கவும் கூடாது. இறுகிப் பிடித்தால் என்ன ஆகும் என்று முதல் வாரமே தெரிந்துகொண்டேன். காலை ஏழு மணி, வெந்நீர் ஊற்றிக் கால் மணி நேரம் ஆகிறது, கீழே ஒரு சொட்டு இல்லை. ஓட்டை அடைத்துவிட்டது என்று நினைத்துத் தட்டப் போனேன். மாமியார் எட்டிப் பார்த்தார். "தட்டாத கண்ணு, மேல இருக்கறத லேசாத் தூக்கி வை" என்றார். தூக்கினேன். உஸ் என்று ஒரு சின்ன சத்தம், அப்புறம் சொட்டு ஒன்று, இரண்டு, அதன் பிறகு மடமடவென்று. கீழ்ப் பாத்திரத்தில் அடைபட்ட காற்று வெளியேற வழியில்லாமல் டிகாஷனை இறங்கவிடாமல் தடுத்திருக்கிறது. இன்றைக்கும் ஃபில்டர் நின்றுவிட்டால் முதலில் செய்வது இதுதான்.

சரி, பொடிக்கு வருவோம். எனக்குச் சொல்ல இருப்பதில் முக்கால்வாசி இங்கேதான் இருக்கிறது.

காபிப் பொடியை வாங்கும்போது நாம் என்ன ரகம், என்ன விலை என்று கேட்கிறோம். எப்போது வறுத்தது என்று கேட்பதில்லை. நானும் நாலு வருடம் கேட்டதில்லை. மாதச் சாமானோடு மொத்தமாக வாங்கி டப்பாவில் கொட்டி வைப்பேன். முதல் வாரம் காபி பிரமாதம், மூன்றாம் வாரம் ஏதோ குறைகிறது. பாலைக் குறை சொல்வேன், தண்ணீரைக் குறை சொல்வேன். ஒரு தடவை அதே டப்பாப் பொடியில் பழையதும், அன்று அரைத்து வந்த புதியதும் கையில் இருந்தன. இரண்டு சின்னக் கிண்ணத்தில் ஒவ்வொரு ஸ்பூன் போட்டு வெந்நீரை ஊற்றிப் பார்த்தேன். புதியது பணியாரம் மாதிரி உப்பி எழுந்தது. மேலே தேன் நிற நுரை, அதில் சின்னச் சின்னக் குமிழிகள் வெடித்துக்கொண்டே இருந்தன. பழையது சேறு மாதிரி அமைதியாக நனைந்து உட்கார்ந்துவிட்டது. வறுத்த கொட்டைக்குள் கரியமில வாயு நிறைய அடைபட்டிருக்கும், அதுதான் அந்த உப்பல். அரைத்தவுடன் அது வேகமாக வெளியேற ஆரம்பிக்கிறது, கூடவே வாசனையும் போகிறது. அந்த நாளிலிருந்து மொத்தமாக வாங்குவதை விட்டுவிட்டேன். ஒரு வாரத்துக்கு வேண்டியது மட்டும், அதற்கு மேல் இல்லை.

நான் வாங்குவது கடைவீதிப் பக்கம் கண்ணெதிரே வறுத்து அரைத்துத் தரும் ஒரு சின்னக் கடை. ஒரு நாள் வறுவல் இயந்திரத்திலிருந்து கொட்டை அப்போதுதான் இறங்கியிருந்தது. அந்த வாசனையில் மயங்கி, இதிலேயே அரைத்துக் கொடுங்கள் என்றேன். "இன்னைக்கு வேண்டாங்க, சூட்டுல அரைச்சா ருசி நிக்காது. நாளன்னைக்கு வாங்க" என்றார். வியாபாரத்தை இரண்டு நாள் தள்ளிப்போட்ட அந்த மனிதர் மேல் அன்றிலிருந்து எனக்கு நம்பிக்கை. அவர் சொன்னதும் சரி. வறுத்த அன்றே போடும் காபியில் ஒரு முரட்டுத்தனம் இருக்கும், இரண்டு மூன்று நாள் கழித்துத்தான் அது அடங்கி ருசி திரளும்.

ரகம் பற்றிக் கொஞ்சம். கடையில் கிடைக்கும் காபி அராபிகா, ரோபஸ்டா என்ற இரண்டு வகைச் செடியில் விளைவது. கடையில் 'பிளான்டேஷன் ஏ' என்று எழுதியிருந்தால், பழத்தின் சதையைக் கழுவி நீக்கிப் பதப்படுத்திய அராபிகா என்று அர்த்தம். ஏ என்பது கொட்டையின் அளவு. பழத்தோடு அப்படியே காயவைத்தது 'செர்ரி'. கழுவிப் பதப்படுத்திய ரோபஸ்டாவுக்குப் 'பார்ச்மென்ட்' என்று பெயர். 'பீபெரி' என்பது தனிச் செடி இல்லை. சாதாரணமாக ஒரு பழத்துக்குள் இரண்டு விதை ஒன்றையொன்று ஒட்டித் தட்டையாக இருக்கும். ஒற்றை விதையாக உருண்டு வளர்ந்தால் அது பீபெரி. உருண்டையாக இருப்பதால் ஒரே சீராக வறுபடும். இரண்டு வருடம் பீபெரிக்குக் கூடுதல் காசு கொடுத்தேன். பழைய பீபெரியைவிடப் புதிதாக வறுத்த பிளான்டேஷன் ஏ எவ்வளவோ மேல் என்பது என் முடிவு. பாலில் கலந்து குடிக்கிறவர்களுக்கு முழு அராபிகா கொஞ்சம் மெலிதாகத் தெரியும். எங்கள் வீட்டுக் கலவை அராபிகா 70, ரோபஸ்டா 30. ரோபஸ்டாவில் காஃபின் ஏறக்குறைய இரண்டு மடங்கு, கசப்பும் திடமும் அதிகம், பாலுக்கு அது ஈடு கொடுக்கும். 40க்கு மேல் போனால் என் வீட்டுக்காரருக்கு ராத்திரித் தூக்கம் கெட்டுவிடுகிறது.

சிக்கரியைப் பலர் கலப்படம் மாதிரிப் பேசுகிறார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. அது ஒரு செடியின் கிழங்கு. குஜராத்திலும் உத்தரப் பிரதேசத்திலும் பயிராகிறது. வறுத்துப் பொடித்தால் கருப்பும் இனிப்புக் கலந்த கசப்பும் தரும், காஃபின் கிடையாது. டிகாஷன் கள்ளிச்சொட்டு மாதிரி இறங்குவதற்குக் கொஞ்சம் சிக்கரி வேண்டும். எங்கள் அளவு 15 சதவிகிதம். பிரச்சினை வேறு. கலவை என்று விற்பதில் காபி 51 சதவிகிதத்துக்குக் குறையக் கூடாது, அளவை பாக்கெட்டிலேயே அச்சிட வேண்டும் என்பது சட்டம். அதைப் படிக்காமல் ஒரு தடவை விலை மலிவாக இருக்கிறதே என்று ஒரு பாக்கெட் எடுத்து வந்தேன். காபி 53, சிக்கரி 47. சிக்கரியில் கரையும் பொருளும் பிசுபிசுப்பும் அதிகம் என்பதால் ஃபில்டரே அடைத்துக்கொண்டது. உங்கள் பொடியில் சந்தேகம் இருந்தால் ஒரு கண்ணாடி டம்ளரில் பச்சைத் தண்ணீர் எடுத்து அரை ஸ்பூன் தூவிப் பாருங்கள். காபி கொஞ்ச நேரம் மிதக்கும். சிக்கரி உடனே பழுப்புக் கோடு இழுத்துக்கொண்டு அடிக்குப் போகும். பிள்ளைகளுக்கு இது நல்ல வேடிக்கை.

2020 ஊரடங்கில் கடை மூடியபோது கொட்டையாக மட்டும் ஒரு கிலோ கையிருப்பு இருந்தது. மிக்ஸியில் அரைத்தேன். பாதி மாவு, பாதி நொய். மாவு ஓட்டையை அடைத்தது, நொய் சாறு விடவில்லை. அப்போது வாங்கியதுதான் கையால் சுற்றும் அரவை இயந்திரம், உள்ளே கூம்பு வடிவ ஸ்டீல் பல் உள்ளது. 30 கிராம் அரைக்க மூன்று, நாலு நிமிடம் ஆகும். மாமியார் அதைக் கையில் வாங்கிப் பார்த்து, அவர் பிறந்த வீட்டில் பெஞ்சு ஓரத்தில் திருகி மாட்டிய பெரிய இயந்திரம் இருந்ததையும், காலையில் அதைச் சுற்றுவது அவர் அண்ணன் வேலை என்பதையும் சொன்னார். எழுபத்து நாலு வயதில் இப்போது ஞாயிற்றுக்கிழமை அரைப்பது அவர்தான், யாருக்கும் விட்டுக் கொடுப்பதில்லை. அரைத்த பதம் ரவையைவிட நைஸாக, மாவைவிடக் கரகரப்பாக இருக்க வேண்டும். விரலிடுக்கில் தேய்த்தால் நெருடல் தெரிய வேண்டும். சிக்கரிப் பொடியைத் தனி டப்பாவில் வைத்துக்கொண்டு போடும்போது கலந்துகொள்கிறேன், சேர்த்து வைத்தால் ஈரம் இழுத்துக் கட்டி தட்டுகிறது. எதையும் ஃப்ரிட்ஜில் வைப்பதில்லை.

கொட்டைக்கு வருடம் ஒரு தடவை ஏற்காடு போகிறோம். தை மாதம் இருபது கொண்டை ஊசி வளைவும் ஏறிப் போனால், தோட்டத்துக் களங்களில் கொட்டை காய்ந்துகொண்டிருக்கும், சில்வர் ஓக் நிழலும் மிளகுக் கொடியுமாக. அங்கே காபி வாசனையே இருக்காது, பச்சைப் பயறு மாதிரி ஒரு வாசனைதான். வறுத்தால்தான் நமக்குத் தெரிந்த காபி. அந்த அராபிகாவை நடுத்தர வறுவலில் வாங்கி, பால் இல்லாமல் மதியம் குடிப்பதற்கென்று தனியாக வைத்திருக்கிறேன்.

இனி எங்கள் அளவு. நாலு பேருக்கு 30 கிராம் பொடி, 180 மில்லி தண்ணீர். பொடி தன் எடையைப் போல இரண்டு மடங்கு நீரைப் பிடித்து வைத்துக்கொள்ளும், ஆகவே டிகாஷன் 120 மில்லி கிடைக்கும். பொடியைத் தட்டிச் சமன் செய்து, பிடி வைத்த ஓட்டைத் தட்டை மேலே சும்மா உட்கார வைக்கிறேன். அழுத்தக் கூடாது. தண்ணீர் தளதளவென்று கொதித்ததும் அடுப்பை அணைத்து, அரை நிமிடம் விட்டு, முதலில் பொடி நனையுமளவு மட்டும் ஊற்றுகிறேன். உப்பி அடங்கட்டும். அப்புறம் மீதியைச் சுற்றி ஊற்றி மூடிவிட்டால் கால் மணி நேரத்தில் இறங்கிவிடும். இரண்டாம் டிகாஷன் எடுப்பதை நிறுத்திவிட்டோம். கசப்பு மட்டும்தான் வருகிறது.

தண்ணீர் மேட்டூரிலிருந்து வரும் காவிரித் தண்ணீர். போர் தண்ணீரில் போட்டால் டிகாஷன் மழுங்கிப் போகிறது, ஓட்டைகளில் உப்பும் படிகிறது. முழுக்க ஆர்.ஓ. தண்ணீரில் போட்டபோது புளிப்புத் தூக்கலாகவும் சப்பென்றும் இருந்தது. மாதம் ஒரு தடவை மேல் பாத்திரத்தை எலுமிச்சைச் சாறு கலந்த வெந்நீரில் ஊறவைத்து, அப்புறம் கவிழ்த்து அடுப்புத் தீயில் ஒரு நிமிடம் காட்டினால் அடைப்பெல்லாம் எரிந்து உதிர்ந்துவிடும். சோப்பு அதிகம் போடுவதில்லை.

பால் ஆவின் ஆரஞ்சு பாக்கெட், 6 சதவிகிதக் கொழுப்பு. பச்சை பாக்கெட்டிலும் நன்றாகவே வரும், கொழுப்பு குறைந்த நீல பாக்கெட்டில் டிகாஷனைக் கூட்ட வேண்டும். பால் முதல் கொதியிலேயே இறங்கிவிட வேண்டும். இரண்டு, மூன்று தடவை காய்ச்சிய பாலின் வாடை காபியை மூடிவிடும். ஆறிய டிகாஷனை ஒருபோதும் அடுப்பில் நேராகச் சுட வைக்காதீர்கள். வெந்நீர்க் கிண்ணத்துக்குள் வைத்துச் சூடாக்கிக்கொள்ளலாம்.

நடுவே மற்ற சாமான்களும் வந்து போயின. பொடியை வெந்நீரில் ஊறவிட்டு சல்லடையால் அமுக்கி வடிக்கும் ஃப்ரெஞ்சு பிரஸ் மதியக் கறுப்புக் காபிக்கு நன்றாக இருக்கிறது, பாலுக்கு ஆகாது. அடுப்பில் வைத்து நீராவி அழுத்தத்தில் காபி இறக்கும் 'மோக்கா பாட்' பாத்திரத்தில் டிகாஷன் சட்டென்று வரும், ஆனால் அரை நிமிடம் கவனம் தப்பினால் கருகிய கசப்பு. மின்சாரத்தில் ஓடும் ஒரு காபி மேக்கர் பதினான்கு மாதத்தில் நின்றது, உத்தரவாதம் முடிந்து இரண்டு மாதம் ஆகியிருந்தது, உதிரி பாகம் கடைசி வரை கிடைக்கவே இல்லை. ஸ்டீல் ஃபில்டருக்கு இந்த ஒன்பது வருடத்தில் ஆன ஒரே செலவு, மூடியின் குமிழ் கழன்றதற்குப் பட்டறையில் ரிவிட் அடித்த இருபது ரூபாய்.

வியட்நாமிலும் பிரேசிலிலும் விளைச்சல் படுத்ததால் 2024இலிருந்து காபிக் கொட்டை விலை ஏறிய ஏற்றம் எங்கள் கடையிலும் தெரிந்தது. நான் சிக்கரியைக் கூட்டவில்லை, மூன்றாவது டம்ளரைக் குறைத்துக்கொண்டேன்.

தம்பி மகள் அடுத்த மாதம் வேலைக்காகச் சென்னை போகிறாள். இரண்டு பேருக்கான ஃபில்டர் ஒன்று அவளுக்காக எடுத்து வைத்திருக்கிறேன். "அத்தை, பொடியையும் அங்கேயிருந்தே மாசாமாசம் அனுப்பிடுங்க" என்கிறாள். முடியாது என்று சொல்லிவிட்டேன். வீடு பார்க்கப் போகும்போதே பக்கத்தில் வறுத்து அரைத்துக் கொடுக்கும் கடை இருக்கிறதா என்று பார்த்துவிட்டு வரச் சொல்லியிருக்கிறேன்.