நிதி திரட்டும் விழாவுக்கு ஹாட் டாக்: பெரிய கம்பெனியா, தள்ளுவண்டியா, பக்கத்துக் கறிக்கடையா?

சிகாகோ பக்கம் கோடையில் நல்ல காரியத்துக்குப் பணம் திரட்டுகிறார்கள் என்றால் அங்கே பன்னுக்குள் சாசேஜ் வைத்துக் கொடுக்கும் ஹாட் டாக் ஸ்டால் ஒன்று நிச்சயம் இருக்கும். எங்கள் புறநகரில், இல்லாதவர்களுக்கு உணவுப் பொருள் கொடுக்கும் உணவு வங்கிக்காக நடத்தும் விழாவில் சரக்கு பிடிக்கும் வேலை என் தலையில் விழுந்தது. கம்பெனி, தள்ளுவண்டி, கறிக்கடை என்று மூன்று பக்கமும் விசாரித்து, கடைசியில் சொந்தமாக சாசேஜ் (அரைத்த கறியை நீளமாக அடைத்துச் செய்வது) செய்யும் ஒரு கறிக்கடையைப் பிடித்தோம். அடுத்த ஆண்டும் அதே கடைதான். அதனால் என் சாய்வு எந்தப் பக்கம் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

மொத்த விலைக் கடையில் பெட்டி பெட்டியாக வாங்கி வரும் வழியும் இருக்கிறது. சுலபம்தான், ஆனால் உள்ளூர்க்காரரிடம் வாங்குவது என்று முடிவு செய்துவிட்டதால் அதை விட்டுவிடலாம்.

பெரிய கம்பெனி என்றால் இங்கே முதலில் வாயில் வருவது வியன்னா பீஃப். ஆஸ்திரியா-ஹங்கேரியிலிருந்து வந்த எமில் ரீச்செல், சாமுவேல் லடானி இருவரும் சிகாகோவில் நடந்த 1893 உலகக் கண்காட்சியில் சாசேஜ் விற்று ஆரம்பித்தது. அந்தப் பெயர் போட்ட பலகையைப் பார்த்தாலே இந்த ஊர்க்காரர்களுக்குக் கை தானாகப் பர்ஸுக்குப் போகும். தரம் எப்போதும் ஒன்றுபோலவே இருக்கும். கசகசா தூவிய பன், பளிச்சென்ற பச்சை ரெலிஷ் (இனிப்பு ஊறுகாய்), ஸ்போர்ட் பெப்பர் (ஊறவைத்த சின்ன மிளகாய்), செலரி உப்பு என்று மற்றதையும் விநியோகஸ்தர் ஒரே வண்டியில் அனுப்பிவிடுவார். நன்கொடையாகவோ தள்ளுபடியிலோ வேண்டுமென்றால் பெரிய கம்பெனி எதுவானாலும் மாதக்கணக்கில் முன்கூட்டியே எழுதிக் கேட்க வேண்டும், நம் அமைப்புக்கு வரிவிலக்கு உண்டு என்று காட்டும் கடிதத்தை இணைக்க வேண்டும். ஆயிரம் பேர் வருவது உறுதி என்றால் நானே இந்த வழியைத்தான் சொல்வேன்.

தள்ளுவண்டிக்காரரைக் கூப்பிட்டால் நமக்கு வேலையே இல்லை. வண்டி, வெந்நீர்த் தொட்டி, உரிமம், பரிமாற ஆள் எல்லாம் அவருடையது. தலைக்கு இவ்வளவு என்று பேசிக்கொள்ளலாம், இல்லையென்றால் விற்பனையில் ஒரு பங்கு. தன்னார்வலர்கள் குறைவாக இருக்கும் குழுவுக்கு இது வரப்பிரசாதம். ஆனால் வருமானத்தில் கணிசமான பகுதி அவர் கூலிக்குப் போய்விடும். நாங்கள் விசாரித்ததோடு நிறுத்திக்கொண்டோம். நடத்திப் பார்த்தவர்கள் வேறு கணக்குச் சொல்லலாம்.

இப்போது கறிக்கடை. சிகாகோவில் ஜெர்மானியர், போலந்துக்காரர், செக் நாட்டவர் கொண்டுவந்த சாசேஜ் தொழில் இன்னும் சில கடைகளில் பின்கட்டிலேயே நடக்கிறது. நகருக்குள் பாலினா மார்க்கெட் போன்ற பெயர்பெற்ற கடைகள் உண்டு. புறநகர்களிலும் தேடினால் கிடைக்கும். எங்களுக்குக் கிடைத்தவர் கண்ணாடிப் பெட்டிக்குப் பின்னாலிருந்து ஒரு சரத்தை அப்படியே தூக்கிக் காட்டினார். ஒன்றோடொன்று முறுக்கிய நிலையில், லேசாக வளைந்து தொங்கிக்கொண்டிருந்தன. ஆட்டுக்குடல் உறையில் அடைத்தால் அந்த வளைவு வரும், கடிக்கும்போது ‘டப்’ என்று தெறிக்கும். உறையில்லாத ரகம் நேராக, மெத்தென்று இருக்கும். குடல் உறை ரகத்தைக் கொதிக்கும் தண்ணீரில் போட்டால் வெடித்துவிடும், ஆவி பறக்கும் சூட்டில் நிறுத்தி வைக்கவேண்டும் என்று அவர்தான் சொல்லிக்கொடுத்தார். சமையலறைப் பக்கம் போயிராத இளைஞர்களையும் வைத்து ஸ்டால் நடத்தும் எங்களுக்கு அந்த ஐந்து நிமிடப் பேச்சு பெரிய உதவி.

ருசிக்காக மட்டும் நாங்கள் அந்தக் கடைக்குப் போகவில்லை. முடிவைத் தீர்மானித்தது மிச்சச் சரக்கு.

இந்தத் தொழிலில் அளவு சொல்வது பவுண்டுக்கு எத்தனை என்ற கணக்கில். பவுண்டுக்கு எட்டு என்றால் ஒவ்வொன்றும் இரண்டு அவுன்ஸ், அதாவது சுமார் 57 கிராம். பத்து பவுண்டுப் பெட்டியில் 80 இருக்கும். 400 வேண்டுமென்றால் ஐந்து பெட்டி. பன், கடுகு, வெங்காயம் எல்லாம் சேர்த்து ஒன்றுக்கு ஒன்றரை டாலர் அடக்கம், விற்பது நாலு டாலருக்கு என்று வைத்துக்கொள்வோம். 400-க்கும் சரக்கு எடுத்தால் செலவு 600. மதியம் மழை பிடித்து 200 மட்டும் விற்றால் கைக்கு வருவது 800. உணவு வங்கிக்குப் போகும் தொகை 200 டாலர். அதே நாளில் 240-க்கு மட்டும் சரக்கு எடுத்திருந்தால் செலவு 360, மிஞ்சுவது 440. விற்பனையில் ஒரு டாலர்கூட மாறவில்லை, உணவு வங்கிக்குப் போகும் பணம் மட்டும் இரண்டு மடங்குக்கு மேல் ஆகிறது.

சரி, குறைவாக எடுத்தால் போதாதா? வெயில் நன்றாக அடித்துக் கூட்டம் வந்துவிட்டால் மதியம் ஒரு மணிக்கே சரக்கு தீர்ந்து, வரிசையில் நிற்பவர்களைத் திருப்பி அனுப்ப வேண்டியிருக்கும். கறி விஷயத்தில் திருப்பி எடுத்துக்கொள்ளும் பேச்சும் கிடையாது. கடையை விட்டு வெளியே போன சரக்கு எந்தக் குளிரில் இருந்தது என்று யாருக்குத் தெரியும்? பெரிய கம்பெனியாகட்டும், சின்னக் கடையாகட்டும், வாங்க மாட்டார்கள். வாங்காமல் இருப்பதே நியாயம்.

இந்த இடத்தில்தான் கடை பக்கத்தில் இருப்பது கைகொடுக்கிறது. எங்கள் கறிக்கடைக்காரர் மூன்று பெட்டியைக் காலையில் கொடுத்துவிட்டு, இரண்டைத் தன் குளிர் அறையிலேயே எங்கள் பெயரில் எடுத்து வைத்தார். தேவைப்பட்டால் காரில் ஒரு நடை போய்விட்டு வரலாம். தேவைப்படாவிட்டால் திங்கட்கிழமை அவர் கடையில் விற்றுக்கொள்வார். வெளியே வந்த பெட்டிக்கு மட்டும்தான் பணம். அவருடைய குளிர் அறையை விட்டு நகரவே இல்லை என்பதால் அவருக்கும் நஷ்டமில்லை. கறியின் விலை பெரிய கம்பெனியைவிடச் சற்றுக் கூடுதலாகத்தான் இருந்தது. இந்த ஒரு ஏற்பாட்டில் அந்த வித்தியாசம் காணாமல் போய்விட்டது. விநியோகஸ்தரின் வண்டி சனிக்கிழமை மதியம் இரண்டாவது முறை வராது.

ஒரு எச்சரிக்கை. கடையிலேயே செய்து, வீட்டுக்கு வாங்குபவர்களுக்கு மட்டும் விற்கும் கறிக்கடைகளுக்கு அரசு ஆய்விலிருந்து சில விலக்குகள் உண்டு. அப்படிப்பட்ட கடையின் வேகவைத்த சாசேஜை ஸ்டாலில் விற்க சுகாதாரத் துறை ஒப்புக்கொள்ளாமல் போகலாம். அதனால் பெட்டியில் ஆய்வு முத்திரையும் அதற்குரிய எண்ணும் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள், தற்காலிக உணவு அனுமதிக்கு விண்ணப்பிக்கும்போதே கடையின் பெயரைச் சொல்லிக் கேட்டுவிடுங்கள். ரசீதைப் பத்திரமாக வையுங்கள். ஸ்டாலில் குளிர்ந்தது 41 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்குக் கீழேயும், சூடானது 135-க்கு மேலேயும் இருக்க வேண்டும். ஒரு தெர்மாமீட்டர் கட்டாயம். சுட வைத்ததில் மிஞ்சியதைக் கொட்டிவிட வேண்டியதுதான் என்பதால் தொட்டியில் கொஞ்சம் கொஞ்சமாகப் போடுவது நல்லது.

யார் எதைச் சாப்பிடுவார்கள் என்பதையும் பார்க்க வேண்டும். சிகாகோ ஹாட் டாக் என்றால் பெரும்பாலும் முழு மாட்டிறைச்சி, உறை மட்டும் ஆட்டுக்குடல். சிக்கன் சாசேஜிலும் சில சமயம் பன்றிக்குடல் உறை இருக்கும், லேபிளைக் கடைசி வரி வரை படியுங்கள். கோஷர் (யூத மத விதிப்படி செய்தது) வேண்டுமென்றால் சிகாகோவின் ரோஜர்ஸ் பார்க் பக்கம் ரோமேனியன் கோஷர் போன்ற கடைகள் இருக்கின்றன. ஆனால் கோஷர் கடைகள் வெள்ளி மதியமே மூடி சனிக்கிழமை முழுக்கத் திறக்காது, எனவே மதிய நேரத்து இரண்டாவது நடை அங்கே நடக்காது. ஹலால் வாங்கினால் தொட்டி, இடுக்கி எல்லாமே தனி. சைவ ஹாட் டாக்குக்கும் அப்படியே. ஒரே அடுப்பில் புரட்டிவிட்டு அட்டையில் மட்டும் சைவம் என்று எழுதி வைப்பது நம்பி வாங்குபவர்களுக்குச் செய்யும் துரோகம், அதில் எனக்குச் சமரசமே கிடையாது.

எங்கள் விழா நானூறு, ஐந்நூறு ஹாட் டாக் அளவுதான். அதைத் தாண்டினால் ஒரு சின்னக் கடையின் குளிர் அறையில் இடம் இருக்குமா என்பது சந்தேகம். மெமோரியல் டே, ஜூலை 4, லேபர் டே என்ற அமெரிக்க விடுமுறை வாரங்களில் அவர்களுக்கு மூச்சுவிட நேரமிருக்காது, அந்த வாரங்களில் இப்படியொரு சலுகையைக் கேட்பதும் சரியில்லை.

கடைக்குப் போன் செய்யும்போது விலையை அப்புறம் பேசிக்கொள்ளலாம். விழா நாளில் எத்தனை மணி வரை கடை திறந்திருக்கும், எடுத்து வைத்த பெட்டியை யாரிடம் கேட்டு வாங்குவது என்று முதலில் கேளுங்கள். சனிக்கிழமை சீக்கிரமே அடைத்துவிடும் கடைகள் நிறைய, ஞாயிறு திறக்காதவையும் உண்டு. ஞாயிற்றுக்கிழமை விழா என்றால் கடைக்காரர் சாவியோடு வருவாரா என்று தெரிந்துகொண்ட பிறகு முன்பணம் கொடுங்கள்.