மூன்று நாள் கொழும்பு: படம் வரையும் பிள்ளையோடு போகிறவர்களுக்கு

நோட்டு ஓரமெல்லாம் படம் கிறுக்கும் பதினைந்து வயசுப் பிள்ளைக்கு லீவில் ஒரு வெளிநாடு காட்டலாம் என்று பேச்செடுத்தால், நம் பக்கத்து வீடுகளில் முதலில் வரும் பெயர் சிங்கப்பூர், அடுத்தது துபாய். கீழக்கரையிலும் தொண்டியிலும் அங்கே சொந்தக்காரர் இல்லாத தெரு குறைவு. தங்க ஓர் இடம் கிடைத்துவிடும். ஆனால் கையில் இருப்பது மூன்று நாள், பார்க்க வேண்டியது ஓவியம் என்றால் எங்கள் ஓட்டு கொழும்புக்கு. தனுஷ்கோடி முனையில் நின்றாலே போன் இலங்கை டவரைப் பிடித்துக்கொள்ளும் தூரம். கடிகாரத்தைக்கூட மாற்ற வேண்டாம். அதைவிட, அங்கே ஓவியம் இருக்கும் இடங்கள் சின்னவை, அதில் பல ஒரு காலத்தில் யாரோ குடியிருந்த வீடுகள். பெரிய மியூசியத்தில் இரண்டு மணி நேரத்தில் கால் கடுத்துப்போகும் அம்மா அப்பாவுக்கும் இது தோது.

ராமநாதபுரத்திலிருந்து மதுரை விமான நிலையம் பரமக்குடி வழியாகச் சுமார் 115 கிலோமீட்டர். ஊருக்குள் நுழையாமல் ரிங் ரோட்டைப் பிடித்தால் இரண்டரை மணி நேரம். ராமேஸ்வரத்திலிருந்து என்றால் மூன்றரை. ஆடி அமாவாசை, தை அமாவாசையை ஒட்டிய நாட்களில் பாம்பன் பாலத்தை நம்பி நேரக் கணக்குப் போடாதீர்கள். மதுரையிலிருந்து கொழும்புக்கு ஸ்ரீலங்கன் ஏர்லைன்ஸ் நேரடி விமானம், வானத்தில் ஒரு மணி நேரம்தான். தொண்டிப் பக்கத்தார் திருச்சியையும் பார்க்கலாம், அங்கிருந்தும் நேரடி விமானம் உண்டு. நாகப்பட்டினம் கப்பல் இருக்கிறதே என்று சிலர் கேட்பார்கள். அது இறக்கிவிடும் இடம் காங்கேசன்துறை. அங்கிருந்து கொழும்பு இன்னும் 400 கிலோமீட்டர். யாழ்ப்பாணம் போகிறவர்களுக்கு அது நல்ல வழி, மூன்று நாள் கொழும்புக்கு ஆகாது. ரயிலும் கப்பலுமாகக் கொழும்புக்குக் கூட்டிப் போய், 1964 டிசம்பர் புயலோடு நின்றுபோன போட் மெயில் இன்று இருந்திருந்தால் இந்தப் பத்தியே வேண்டியிருக்காது.

காகிதங்களில் சிக்கல் வருவது பெரும்பாலும் இரண்டு இடத்தில். ஒன்று, பிள்ளையின் பாஸ்போர்ட். சிறு வயதில் எடுத்தது ஐந்து வருடம்தான் செல்லும். பெற்றோருடையது பத்து வருடம் ஓடிக்கொண்டிருப்பதால் அந்த நினைப்பிலேயே இருந்துவிடுவார்கள். பயணத் தேதிக்கு மேல் குறைந்தது ஆறு மாதம் பாக்கி இருக்க வேண்டும். பதினைந்து வயது ஆகிவிட்டால் பத்து வருடப் பாஸ்போர்ட்டுக்கே விண்ணப்பிக்கலாம். இரண்டாவது, நம் இனிஷியல். பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் கட்டம் காலியாக இருக்கும். டிக்கெட் போடும் தளமோ அதை நிரப்பாமல் விடாது. ஏஜெண்டு ஒருவிதமாக நிரப்புவார், இலங்கைக்கான ஈ.டி.ஏ. என்னும் இணையவழிப் பயண அனுமதியில் நீங்கள் வேறுவிதமாக நிரப்புவீர்கள், கவுண்டரில் மாட்டிக்கொள்வீர்கள். பாஸ்போர்ட்டை முன்னால் வைத்துக்கொண்டு எழுத்துக்கு எழுத்து ஒரே மாதிரி போடுங்கள். சந்தேகம் இருந்தால் விமான நிறுவனத்திடமே கேட்டு நிரப்புங்கள். ஈ.டி.ஏ.வை இலங்கை அரசின் தளத்தில் மட்டும் எடுக்க வேண்டும். தேடினால் முதலில் வந்து நிற்பவை அதே போலத் தோற்றமுள்ள தனியார் தளங்கள், கூடுதல் பணம் பிடிப்பவை. அப்பா வெளிநாட்டில், அம்மா மட்டும் பிள்ளையைக் கூட்டிப் போகிறார் என்றால் அப்பாவின் சம்மதக் கடிதம் ஒன்று கையில் இருப்பது நல்லது.

நாள் குறிக்கும்போது நம் லீவு கணக்கு மட்டும் போதாது. ஏப்ரல் 13, 14 சித்திரைப் புத்தாண்டு. அதை ஒட்டி கொழும்பே ஊருக்குப் போய்விடும், கடைகளும் காட்சிக்கூடங்களும் நாலைந்து நாள் அடைத்துக் கிடக்கும். மே, ஜூனில் மழை கொட்டும். ஒவ்வொரு பௌர்ணமியும் போயா என்னும் பௌத்த விடுமுறை, அந்த நாட்களைத் தவிர்ப்பது நல்லது. ஆனால் மே பௌர்ணமியான வெசாக்கை மட்டும் தவிர்க்க வேண்டாம். தெருத் தெருவாகக் காகித விளக்குக் கூடுகளும், புத்தர் கதையைப் படம் படமாகச் சொல்லும் மின்விளக்குத் தோரணங்களும் எழுந்து நிற்கும். படம் வரையும் பிள்ளைக்கு அந்த இரண்டு இரவு எந்த மியூசியத்துக்கும் குறைந்ததில்லை. அறை மட்டும் முன்கூட்டியே பிடிக்க வேண்டும். வானிலைக்கு ஜனவரி முதல் மார்ச் வரை சிறப்பு. அந்தப் பருவத்தில் ஒரு ஞாயிறன்று கிறீன் பாத் சாலை மரநிழலில் 'கலா பொல' ஓவியச் சந்தை கூடும். ஓவியர்கள் தாங்களே தரையில் பரப்பி விற்கும் சந்தை அது. 1993 முதல் ஜார்ஜ் கீட் அறக்கட்டளை நடத்துகிறது.

இனி இடங்கள்.

முதல் மதிப்பெண் 33ஆவது ஒழுங்கையில் (சந்தில்) இருக்கும் 'நம்பர் 11' வீட்டுக்கு. கட்டடக் கலைஞர் ஜெஃப்ரி பாவா (1919–2003) அடுத்தடுத்து இருந்த நான்கு சிறு வீடுகளை ஒவ்வொன்றாக வாங்கி ஒரே வீடாக இணைத்தது. வாசலில் பழைய ரோல்ஸ் ராய்ஸ் கார் நிற்கும். செருப்பைக் கழற்றிவிட்டு நுழைந்தால் வெள்ளைத் தரை, வெள்ளைச் சுவர், நீளமான நடை; நடுநடுவே கூரை திறந்து வெளிச்சம் மேலிருந்து விழும். குட்டி முற்றத்தில் நிற்கும் பழைய தூண்கள் செட்டிநாட்டிலிருந்து போனவை. நமக்குப் பழகிய தூண், பழகிய முற்றம், ஆனால் அளவைச் சுருக்கி, பின்னால் வெறும் வெள்ளையை வைத்ததும் வேறு பொருளாகிவிடுகிறது. பெர்ஸ்பெக்டிவ் வரையத் திணறும் பிள்ளைக்கு அந்த நடை ஒன்றே பாடம்: தரைக்கோடு, கூரைக்கோடு, தூண் நிழல் எல்லாம் ஒரே புள்ளியை நோக்கி ஓடுவது கண்ணுக்கு நேரே தெரியும். குறைகளும் உண்டு. வழிகாட்டியோடு, குறித்த நேரத்தில், முன்பதிவு செய்தே போக முடியும். கட்டணம் கொழும்பு விலைவாசிக்கு அதிகம். நின்று வரைய நேரம் கிடைக்காது; வரைய அனுமதி வேண்டுமென்றால் பதிவு செய்யும்போதே கேட்டுவிட வேண்டும். பத்து வயசுக்குக் கீழ் தம்பி தங்கை இருந்தால் ஒருவர் வெளியே நிற்பது நல்லது. முடிந்ததும் பக்கத்து அல்ஃபிரட் ஹவுஸ் வீதியில் பாவாவின் பழைய அலுவலகம். இப்போது அது 'கேலரி கஃபே'. சாப்பாடு விலை கூடுதல்தான். ஒரு காப்பியோடு உட்கார்ந்து, சற்று முன் பார்த்த நடையை நினைவிலிருந்து வரையச் சொல்லுங்கள்.

இரண்டாவது, பார்ன்ஸ் பிளேஸில் உள்ள சப்புமல் இல்லம். ஓவியர் ஹாரி பீரிஸின் வீடு. 1943இல் லயனல் வென்ட், ஜார்ஜ் கீட், ஜஸ்டின் தெரணியகல, ஐவன் பீரிஸ், மஞ்சுஸ்ரீ போன்றோர் சேர்ந்து தொடங்கிய '43 குழு'வின் படங்கள் சுவர் சுவராக இங்கே தொங்குகின்றன. கண்ணாடித் தடுப்பும் கயிற்று வேலியும் இல்லாமல் ஒரு முழ தூரத்தில் நின்று தூரிகைத் தடத்தைப் பார்க்கலாம். எந்த இடத்தில் வண்ணம் தடித்திருக்கிறது, எங்கே துணி தெரிகிறது என்பதெல்லாம் அச்சுப் புத்தகத்தில் வராது. சிக்கல், திறக்கும் நாட்கள். வாரத்தில் சில நாள், அதுவும் முற்பகல்தான் என்பது வழக்கம். ஆகவே முதலில் இதற்குப் போன் போட்டு நாளை உறுதிசெய்துகொண்டு, அதைச் சுற்றி விமான டிக்கெட்டை வையுங்கள். தலைகீழாகச் செய்கிறவர்கள் பூட்டிய கேட்டைப் பார்த்துத் திரும்புவார்கள்.

கீட் பிடித்துப்போன பிள்ளையை அங்கிருந்து பொரளையில் உள்ள கோதமி விகாரைக்குக் கூட்டிப் போங்கள். 1939–40இல் அவர் வரைந்த புத்தர் வாழ்க்கைச் சுவரோவியங்கள் அங்கே இருக்கின்றன. நிழல் தீட்டுவது குறைவு. தடித்த வெளிக்கோடு ஒன்றே தோளையும் இடுப்பையும் கையையும் வளைத்துக்கொண்டு போகும். பென்சிலை எடுக்காமல் ஓர் உருவத்தை முடிக்கச் சொன்னால் அந்தக் கோட்டின் கஷ்டம் புரியும். தோளும் முழங்காலும் மூடிய உடை வேண்டும். புத்தர் சிலைக்கு முதுகு காட்டி செல்ஃபி எடுப்பது அங்கே கடுமையான அவமதிப்பு, போலீஸ் வரை போகும். பிள்ளைகளிடம் முன்பே சொல்லி வையுங்கள்.

நவீன, சமகாலக் கலைக்கான எம்.எம்.சி.ஏ. அருங்காட்சியகம் காலி வீதியில் கிரெஸ்கட் வணிக வளாகத்துக்குள் இருக்கிறது. 2019 டிசம்பரில் தொடங்கியது. அனுமதி இலவசம், ஏ.சி. உண்டு, விளக்கப் பலகைகள் சிங்களம், தமிழ், ஆங்கிலம் மூன்றிலும். சமகாலக் கலையைப் பற்றி இவ்வளவு கவனமான தமிழில் எழுதிய பலகைகளை நம் ஊர்ப் பக்கம் பார்ப்பது அபூர்வம். அங்கே நிற்கும் இளைஞர்களிடம் தமிழிலேயே கேட்கலாம். ஒரு காட்சி முடிந்து அடுத்தது மாட்டும் வாரங்களில் மூடிவிடுவார்கள் என்பதை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். இடமும் பெரிதில்லை, ஒன்றரை மணி நேரம் தாராளம்.

1877இல் திறந்த தேசிய அருங்காட்சியகத்துக்கு ஒரு முழு நாளை ஒதுக்காதீர்கள். உள்ளே வெக்கை, பொருட்களோ ஏராளம்; எல்லாவற்றையும் பார்க்கப் போனால் பிள்ளை சோர்ந்துவிடும். காலையில் திறந்ததும் போய் இரண்டை மட்டும் பாருங்கள். பொலன்னறுவையில் கிடைத்த சோழர் காலத்துப் படிமங்கள் ஒன்று. மற்றது காலி நகரில் 1911இல் கண்டெடுத்த மும்மொழிக் கல்வெட்டு. சீனக் கடற்படைத் தலைவர் செங் ஹே கொண்டுவந்த கல். 1409ஆம் ஆண்டுத் தேதியிட்டது. சீனம் புத்தருக்கும், பாரசீகம் அல்லாஹ்வுக்கும், தமிழ் தெனாவரை நாயனார் என்ற பெருமாளுக்கும் காணிக்கை சொல்கின்றன. பொன், வெள்ளி, பட்டு, எண்ணெய் என்று பட்டியல். கீழக்கரை, தேவிபட்டினம் பிள்ளைகளுக்குத் தங்கள் கடல் என்னவாக இருந்தது என்று இந்த ஒரு பலகைக் கல் சொல்லிவிடும்.

கடைகளில் காலி வீதி 'பேர்ஃபுட்' ஒன்று போதும். பார்பரா சன்சோனியின் கைத்தறி வண்ணங்கள், புத்தகக் கடை, பின்னால் ஒரு காட்சிக்கூடம், முற்றத்தில் காப்பிக்கடை. வந்து இறங்கிய மாலைக்கு இது சரி.

தங்க வெள்ளவத்தை. தமிழ் பேசியே மூன்று நாளும் ஓட்டிவிடலாம், சைவக் கடையும் ஹலால் கடையும் நடக்கும் தூரத்தில், கடலும் அருகில். கட்டுநாயக்க விமான நிலையத்திலிருந்து அதிவேகச் சாலையில் வந்தாலும் நகர நெரிசலைச் சேர்த்து ஒன்றரை மணி நேரம் வையுங்கள். வெளியே வரும் இடத்திலேயே உள்ளூர் சிம் வாங்கிக்கொண்டால் பிக்மீ, ஊபர் இரண்டும் வேலை செய்யும். ஆட்டோவில் பேரம் பேசும் வேலை இல்லை. யு.பி.ஐ. 2024 முதல் அங்கே செல்லும், ஆனால் எல்லாக் கடையிலும் எதிர்பார்க்காமல் கொஞ்சம் ரொக்கம் மாற்றிக்கொள்ளுங்கள். ஒரு நாளைக்கு இரண்டு இடம், அதற்கு மேல் வேண்டாம். மாலை காலி முகத்திடலில் இறால் வடை.

பையில் என்ன போகலாம் என்பதில் பல வீடுகள் கோட்டை விடுகின்றன. டர்பன்டைன், தின்னர், ஸ்பிரே ஃபிக்ஸேடிவ் மூன்றும் தீப்பிடிப்பவை. கைப்பையிலும் கூடாது, லக்கேஜிலும் கூடாது. ஆயில் பெயிண்டை வீட்டிலேயே வைத்துவிடுங்கள். வாட்டர்கலர் டியூப் கைப்பையில் என்றால் 100 மில்லி விதிக்குள், மற்ற திரவங்களோடு ஒரே கவரில். கேக் வகை பெட்டி என்றால் அந்தத் தொல்லையே இல்லை. பென்சில் சீவும் பிளேடு, கட்டர் லக்கேஜில் போக வேண்டும். காட்சிக்கூடங்களுக்குள் பென்சில் மட்டும் எடுங்கள். தண்ணீரும் மையும் கண்டால் காவலர் தடுப்பார். ஏ5 அளவுக் கெட்டி அட்டை நோட்டு நின்றுகொண்டே வரையத் தோது.

சிங்கப்பூருக்கே போவது என்று முடிவானால் அதுவும் மோசமில்லை. பழைய உச்ச நீதிமன்றத்தையும் நகர மண்டபத்தையும் இணைத்து 2015இல் திறந்த தேசியக் காட்சிக்கூடம் தென்கிழக்காசிய ஓவியத்துக்கு ஈடில்லாத இடம். ஜாவா ஓவியர் ராதென் சாலேயின் 'காட்டுத் தீ' ஓவியத்தின் முன்னால் அரை மணி நேரம் போய்விடும். ஆனால் விசா, டிக்கெட், சாப்பாடு எல்லாமே கொழும்பைவிடச் செலவு, சொந்தக்காரர் வீடுகளுக்குப் போகும் கடமை வேறு ஒரு நாளை விழுங்கும். ஐந்து நாள் கிடைத்தால் போகலாம்.

உள்ளூர் ஏஜெண்டுகளின் பேக்கேஜில் மூன்று நாளுக்குள் கண்டியும் நுவரெலியாவும் சேர்ந்தே வரும், வழியில் மசாலாத் தோட்டமும் ரத்தினக் கடையும் கமிஷனுக்காக. கண்டி ஒருவழி மூன்று நான்கு மணி நேரம்; ஓவியம் பார்க்க வந்த பிள்ளை வேனில் தூங்கிக்கொண்டிருக்கும். டிக்கெட்டும் அறையும் மட்டும் போட்டுத் தருவீர்களா என்று கேளுங்கள், இல்லையென்றால் நீங்களே போட்டுக்கொள்ளுங்கள்.

படம் வாங்கினால் சட்டம் போடாததாக வாங்கி, படம் வெளிப்பக்கம் இருக்கும்படி சுருட்டி அட்டைக் குழாயில் போட்டுக் கைப்பையாகவே கொண்டுவாருங்கள். உள்பக்கமாகச் சுருட்டினால் வண்ணம் மடிந்து வெடிக்கும். ஓவியர் பெயரும் வருடமும் எழுதிய பில் கேட்டு வாங்குங்கள். பழைய முகமூடி, ஓலைச்சுவடி, பழஞ்சிலை என்று யாராவது காட்டினால் எடுக்காதீர்கள். தொல்லியல் துறை அனுமதி இல்லாமல் அவற்றை நாட்டைவிட்டு வெளியே கொண்டுபோக முடியாது.