கமடோர் 64 விசைப்பலகைக்கான மாற்றுப் பிளஞ்சர்கள்: ஒரு மதிப்பீடு

1980களின் வீட்டுக் கணினியான கமடோர் 64-இன் விசைப்பலகையில் விசை ஒன்று உடைந்துவிட்டது என்றால், பெரும்பாலான நேரங்களில் உடைந்திருப்பது அந்த விசையின் மூடியைத் தாங்கி நிற்கும் பிளஞ்சர் என்னும் சிறு பிளாஸ்டிக் தண்டுதான். அதற்கு மாற்றாக இன்று இணையத்தில் மூன்று வகைப் பாகங்கள் விற்கப்படுகின்றன. பிசினை ஒளியால் இறுக வைத்து முப்பரிமாண அச்சில் எடுத்தவை ஒரு வகை. நைலான் தூளை லேசரால் இணைத்து அச்சிட்டவை இன்னொரு வகை. உருக்கிய பிளாஸ்டிக்கை உலோக அச்சுக்குள் செலுத்தி வார்த்தவை மூன்றாவது வகை. மூன்றையும் ஒரே விசைப்பலகையில் அக்கம்பக்கத்து விசைகளில் பொருத்திச் சில மாதங்கள் தொடர்ந்து தட்டச்சு செய்து பார்த்த பிறகே இந்த மதிப்பீட்டை எழுதுகிறேன். வாங்குவோர் எல்லாரும் மூடி எவ்வளவு இறுக்கமாக உட்காருகிறது என்பதை வைத்தே பிளஞ்சரை எடைபோடுகிறார்கள். என்னைக் கேட்டால், அந்த மூடியை மறுபடி ஒருநாள் கழற்றும்போது அது சேதமின்றி வெளியே வருகிறதா என்பதையே முதலில் பார்க்க வேண்டும். பிளஞ்சரைப் புதிதாகச் செய்துகொள்ளலாம். 1980களில் வார்க்கப்பட்ட அசல் மூடி விரிந்து வெடித்துவிட்டால், அதே நிறமும் அதே எழுத்தும் கொண்ட இன்னொன்றைத் தேடி அலைய நேரிடும்.

இந்த விசையின் அமைப்பு மிக எளிமையானது. விசைப்பலகையின் பிளாஸ்டிக் சட்டத்தில் விசைக்கு ஒன்றாகக் குழல் போன்ற துளைகள் உள்ளன. பிளஞ்சர் கீழிருந்து அந்தத் துளை வழியாக மேலேறி நிற்கும். அதன் உச்சியில் மூடி செருகப்பட்டிருக்கும். மூடிக்கும் சட்டத்துக்கும் இடையே ஒரு ஸ்பிரிங் இருக்கும். பிளஞ்சரின் அடியில் மின்சாரத்தைக் கடத்தும் கறுப்பு ரப்பர் வில்லை ஒன்று பொருத்தப்பட்டிருக்கும். விசையை அழுத்தும்போது அந்த வில்லை கீழே உள்ள மின்சுற்றுப் பலகையின் இரண்டு தடங்களைத் தொட்டு இணைக்கிறது. நாற்பது ஆண்டுகள் கடந்த பிளாஸ்டிக் தன் நெகிழ்வை இழந்துவிட்டதால், மூடியைக் கழற்றும்போது கை சற்றுச் சாய்ந்தாலே தண்டு கழுத்தில் முறிந்து, முறிந்த துண்டு மூடிக்குள்ளேயே தங்கிவிடுகிறது. பழைய கணினிகளைத் தபாலில் வரவழைப்போருக்குத் தெரியும், விசைகளின் மேல் போதிய பஞ்சு வைக்காமல் கட்டிய பொதியில் ஒரே அடியில் ஒரு வரிசைத் தண்டுகள் முழுவதும் முறிந்து வருவதுண்டு.

பாகங்களை வாங்குவதற்கு முன், பழுது உண்மையிலேயே விசையில்தான் இருக்கிறதா என்று உறுதிசெய்துகொள்வது அவசியம். இந்த விசைப்பலகையில் மொத்தம் 66 விசைகள். அவற்றில் ரெஸ்டோர் விசை தனிக் கம்பி வழியாகச் செயலியின் குறுக்கீட்டு முனைக்கு, அதாவது நடக்கும் வேலையை இடைநிறுத்தச் சொல்லும் இணைப்புக்கு, செல்கிறது; ஷிப்ட் லாக் என்பது இடது ஷிப்ட் விசைக்கு இணையாக இணைக்கப்பட்ட சுவிட்ச். எஞ்சிய 64 விசைகளும் எட்டு வரிசை, எட்டு நிரல் கொண்ட வலையில் அமைந்துள்ளன. கணினி தன்னிடம் உள்ள 6526 என்னும் சிப் வழியாக அந்த வலையை நொடிக்கு 60 முறை அளவில் சோதித்து, எந்த விசை அழுத்தப்பட்டது என்று கண்டுபிடிக்கிறது. ஆகவே ஒரே ஒரு விசை வேலை செய்யவில்லை என்றால் பிளஞ்சரையோ ரப்பர் வில்லையையோ சந்தேகிக்கலாம். எட்டு விசைகள் கூட்டாக ஊமையாகிவிட்டால், கோளாறு இணைப்பான், கம்பி, தடம், அல்லது அந்த சிப் ஆகியவற்றில் ஒன்றில்தான் இருக்கும். அதற்குப் பிளஞ்சர் வாங்கிப் பயனில்லை. முதலாம் ஜாய்ஸ்டிக் துளையும் இதே கம்பிகளைப் பகிர்ந்துகொள்வதால், அதில் ஏதாவது செருகியிருந்தால் கழற்றிவிட்டுச் சோதிப்பதே முறை.

பிரிக்கும் வேலை பொறுமையைக் கேட்கிறது. விசைப்பலகையின் பின்புறம் இருபதுக்கும் மேற்பட்ட சின்னஞ்சிறு திருகாணிகள் உள்ளன. அவை பிளாஸ்டிக்கில் நேரடியாகப் பதிந்திருப்பதால், மறுபடி முடுக்கும்போது கை அளவுக்கு மேல் போனால் மரை அழிந்துவிடும். திருகாணிகளைக் கழற்றியதும் மின்சுற்றுப் பலகையை இழுத்துவிடக் கூடாது. ஷிப்ட் லாக் சுவிட்சின் இரண்டு கம்பிகள் பலகையில் ஈயத்தால் பற்றவைக்கப்பட்டிருக்கும். அவற்றை முதலில் விடுவிக்க வேண்டும். மாற்றுப் பிளஞ்சர் விற்போரில் பலர் இந்தச் செய்தியை எழுதுவதே இல்லை என்பது எனக்கு வருத்தம் தருகிறது. பற்றவைப்புக் கருவி இல்லாத ஒருவர் பாகங்களை வாங்கிய பின்தான் அது தேவை என்று தெரிந்துகொள்கிறார்.

முதலில் பிசின் அச்சுப் பிளஞ்சர்கள். பார்வைக்கு இவைதான் அழகானவை: மேற்பரப்பு கண்ணாடிபோல் வழவழப்பாக இருக்கிறது, துளைக்குள் உரசல் இல்லாமல் வழுக்கி இறங்குகிறது, விரலுக்கு அசல் விசையின் உணர்வு கிடைக்கிறது. ஆனால் சாதாரணப் பிசின் வளைந்து கொடுக்காது. வெளிச்சத்தில் இருக்க இருக்க மேலும் நொறுங்கும் தன்மை அடையும். என் சோதனையில் இவ்வகையின் கழுத்து, மூடியை மறுபடி கழற்றியபோது அசல் தண்டு முறிந்த அதே இடத்தில் முறிந்தது. பழைய பழுதையே புதிதாக விலைக்கு வாங்குவது போன்றது இது. வலுவூட்டிய பிசினில் அச்சிடுவோரும் இருக்கிறார்கள். அவர்களுடையவை சற்று மேல். எனினும் எந்தப் பிசின் என்று விற்பவர் தெளிவாகச் சொல்லாதவரை இவ்வகையை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

நைலான் தூளில் அச்சிட்டவை இதற்கு நேர்மாறான குணம் கொண்டவை. விரலால் வளைத்தால் வளைந்து திரும்புகின்றன. முறிப்பதற்கு உண்மையிலேயே பலம் வேண்டும். குறை மேற்பரப்பில் இருக்கிறது. தூள் துகள்களின் சொரசொரப்பு துளையின் உட்சுவரில் உரசுவதால், விசை இறங்கும்போது மெல்லிய அரைப்புச் சத்தம் கேட்கிறது. மூலையில் அழுத்தினால் விசை பாதி வழியில் தயங்குகிறது. தண்டின் பக்கங்களை மிக நுண்ணிய உப்புத்தாளால் தேய்த்து, தூசியைத் துடைத்துவிட்டுப் பொருத்தினால் தயக்கம் பெரிதும் குறைகிறது. நாள்பட்ட பயன்பாட்டில் அதுவே மேலும் மழுங்கி வழிக்கு வருகிறது. எண்ணெயோ கிரீஸோ இட்டு இதைச் சரிசெய்ய முனைய வேண்டாம். அது கீழே வழிந்து ரப்பர் வில்லையை அடைந்தால் தொடர்பே கெட்டுவிடும். இன்னொரு கவனமும் தேவை. அச்சில் உச்சிமுனை சிறிது பருத்து வந்தால், மூடியைத் தட்டி இறக்கத் தோன்றும். நைலான் உடையாது, ஆகையால் அழுத்தம் முழுவதும் மூடியின் உட்குழிக்கே போகிறது. ஏற்கெனவே முதிர்ந்த மூடி விளிம்பில் வெடிக்கிறது. பெருவிரலின் மெல்லிய அழுத்தத்தில் மூடி இறங்காவிட்டால், சிறு அரத்தால் முனையைக் குறைத்த பிறகே செருக வேண்டும். ஒவ்வொரு தண்டுக்கும் இப்படிச் சில நிமிடங்கள் செலவழிக்க மனமுள்ளவருக்கு இது நம்பத்தகுந்த பாகம். ஓரிரு விசைகள் மட்டுமே உடைந்திருந்தால் நான் இதையே வாங்குவேன்.

வார்ப்பில் செய்தவை மூன்றிலும் சிறந்தவை. இதில் எனக்கு ஐயமில்லை. ஒரு தண்டுக்கும் அடுத்த தண்டுக்கும் அளவு மாறுவதில்லை, அரமும் உப்புத்தாளும் தேவைப்படவில்லை, மூடி மெல்லிய பிடிப்புடன் அமர்ந்து நேராக இழுத்தால் நேராக வெளிவருகிறது. ரெஸ்டோர் விசையில்தான் இதன் தரத்தை முழுமையாக உணர்ந்தேன். அந்த விசை ஒரு மின்தேக்கி வழியாகத் துடிப்பை அனுப்பும் அமைப்பு கொண்டது. ஆரம்பகால மின்சுற்றுப் பலகைகளில் மெதுவாக அழுத்தினால் கணினி கண்டுகொள்ளாது, விரைந்து ஓங்கித் தட்ட வேண்டும். ஓடும் நிரலை நிறுத்த ரன்/ஸ்டாப் விசையைப் பிடித்துக்கொண்டு ரெஸ்டோரைத் தட்டிப் பழகிய யாருக்கும் அந்த வேகம் தெரியும். அத்தகைய தட்டல்களை இந்தப் பிளஞ்சர் தளர்வின்றித் தாங்குகிறது. நைலான் தண்டில் உரசலால் வேகம் குறைந்து, சில தட்டல்கள் வீணாயின; மின்சுற்றே பழுதோ என்று எண்ண வைக்கும் அளவுக்கு அது குழப்பியது.

இந்த வகையின் குறை பொருளில் இல்லை, விற்பனையில் இருக்கிறது. கமடோர் இந்த விசைப்பலகைகளை ஒரே அமைப்பில் மட்டும் தயாரிக்கவில்லை; தண்டின் உச்சி வடிவமும் ஸ்பிரிங்கின் அளவும் ஒன்றுக்கொன்று மாறுபடும் விசைப்பலகைகள் உள்ளன. வெளியிலிருந்து பார்த்தால் வேறுபாடு தெரியாது. நான் வாங்கிய இடத்தில் எந்த மாதிரி என்று கேட்கவும் இல்லை, படம் காட்டவும் இல்லை. முதலில் வந்தது பொருந்தாத வடிவம். மாற்றிக் கொடுத்தார்கள் என்றாலும், பக்கத்தில் இரண்டு படங்களைப் போட்டிருந்தால் இரு தரப்புக்கும் அஞ்சல் செலவு மிச்சமாகியிருக்கும். வாங்கும் முன் ஒரு மூடியைக் கழற்றித் தண்டின் உச்சியைப் படமெடுத்து விற்பவருக்கு அனுப்பிவிடுவது நல்லது.

முறிந்த தண்டை ஒட்டவைத்தால் போதாதா என்று பலர் கேட்கிறார்கள். உடனடிப் பசை மட்டும் போட்டு ஒட்டிய தண்டு, மேலிருந்து அழுத்துவதைத் தாங்கும்; பக்கவாட்டில் அழுத்தம் பட்டதும் விட்டுப்போகும். முறிந்த இரு முகங்களிலும் நுண்ணிய துளையிட்டு, நடுவே மெல்லிய எஃகு ஊசித் துண்டைப் புதைத்து ஒட்டினால் வலிமை கிடைக்கும். அந்தத் துளைகள் ஒரே நேர்க்கோட்டில் அமைவதற்குக் கைத்திறன் வேண்டும். பசையின் ஆவி மூடியின் மேல் வெண்படலமாகப் படியும் என்பதால், நன்றாக உலர்ந்த பிறகே மூடியை அருகில் கொண்டுவர வேண்டும். மூடிக்குள் சிக்கிய துண்டை எடுக்க, அதன் நடுவில் மிகச் சிறிய திருகாணியை மெல்ல முடுக்கி, அந்தத் திருகாணியைக் குறட்டால் பிடித்து நேராக இழுப்பதே நான் கண்ட பாதுகாப்பான வழி. கத்தியால் கெல்லினால் மூடியின் உட்சுவர் கிழியும்.

மாற்றுப் பிளஞ்சர்களில் பெரும்பாலானவற்றுடன் ரப்பர் வில்லை வருவதில்லை. பழைய தண்டிலிருந்து எடுத்துப் புதியதில் பொருத்த வேண்டும். அந்த நேரத்தில் வில்லையின் முகத்தையும் பலகையின் தொடுபகுதிகளையும் ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் தோய்த்த பஞ்சால் மெல்லத் துடைத்தால் போதும். தொடுபகுதியின் மேற்பூச்சு மிக மெல்லியது. உப்புத்தாளையும் அழிரப்பரையும் அதன் அருகே கொண்டுபோகக் கூடாது. வில்லை புதிய தண்டின் அடிப்பகுதியில் சாய்ந்து உட்கார்ந்தால், எழுத்து சிலமுறை விழும், சிலமுறை விழாது. பலகையை மூடித் திருகாணிகளை முடுக்குவதற்கு முன் ஒவ்வொன்றையும் பக்கவாட்டிலிருந்து பார்த்துச் சரிசெய்துவிட்டால், இரண்டாம் முறை பிரிக்க வேண்டியிருக்காது.

எல்லா விசைகளும் இந்த மாற்றுப் பிளஞ்சர்களால் குணமாகிவிடா. ஷிப்ட் லாக்கின் உள்ளமைப்பு வேறு. சாதாரணப் பிளஞ்சர் அதற்குப் பொருந்தாது. இடைவெளிப் பட்டைக்கு (ஸ்பேஸ் பார்) தண்டு பொருந்தினாலும், பட்டையைச் சமநிலையில் வைத்திருக்கும் கம்பி வளைந்திருந்தால் தண்டை மாற்றியும் பட்டை ஒருபுறம் சாயும். அந்தக் கம்பியைச் சமதளத்தில் வைத்து நேராக்கிய பிறகே திருப்பிப் பொருத்த வேண்டும். அதன் ஸ்பிரிங் மற்றவற்றைவிட விறைப்பானது என்பதால் தனியே எடுத்து வைத்துக்கொள்ள வேண்டும். பாதிக்கு மேற்பட்ட தண்டுகள் முறிந்துபோன விசைப்பலகை என்றால் வேறு கணக்கு: மின்னிணைப்பு முறை ஒன்றே என்பதால் கமடோரின் முந்தைய கணினியான விக்-20இன் விசைப்பலகையும் இதில் வேலை செய்யும், அதைத் தேடலாம். நவீன மெக்கானிக்கல் சுவிட்சுகள் பொருத்திய முழு மாற்றுப் பலகைகளும் உண்டு. தட்டச்சுக்கு அவை இனிமையானவை. ஆனால் அசல் விசையின் ஆழமான, மென்மையான இறக்கம் அவற்றில் இல்லை. எனக்கு அந்த இறக்கம் முக்கியம்.

ஆகவே வாங்குவோருக்கு என் கருத்து இது: நான்கைந்து விசைகளுக்கு மேல் உடைந்திருந்தால் வார்ப்புப் பிளஞ்சர், ஓரிரண்டு என்றால் நைலான், கூடவே ஒரு சிறு அரமும் நுண்ணிய உப்புத்தாளும். தேவைக்கு மேல் மூன்று நான்கு தண்டுகளைச் சேர்த்தே கேளுங்கள். உடைந்தவற்றை மாற்றுவதற்காக மற்ற மூடிகளையும் கழற்றும்போது, அதுவரை நன்றாக இருந்த ஒன்றிரண்டு முதிர்ந்த தண்டுகள் முறியக்கூடும்; இரண்டாம் முறை அஞ்சல் செலவு பாகத்தின் விலையைத் தாண்டிவிடும்.