பூன் ஹில் மலையேற்றம்: வழிகாட்டிச் சேவை எப்படி?

நேபாளத்தின் போக்ராவிலுள்ள ஒரு சிறு நிறுவனத்தின் ஏற்பாட்டில், ஏப்ரலில் நான்கு நாள் கோரேபாணி – பூன் ஹில் மலையேற்றம் சென்று வந்தோம். மூவாயிரத்துக்கும் மேற்பட்ட கற்படிகளைக் கொண்ட உல்லேரி ஏற்றத்தில், என் மூச்சிரைப்பைக் கவனித்துத் தானும் நடையைக் குறைத்துக்கொண்ட வழிகாட்டி, கோவேறு கழுதைகள் மணியோசையுடன் இறங்கி வரும்போதெல்லாம் எங்களைப் பள்ளத்தின் பக்கம் நிற்கவிடாமல் மலைச்சுவரோரமாக ஒதுக்கி நிறுத்தியதைக் குறிப்பிட்டே ஆக வேண்டும். விடியுமுன் தலைவிளக்குடன் ஏறி 3,210 மீட்டர் உயர உச்சியில் நின்றபோது, 8,167 மீட்டர் உயரமுள்ள தவளகிரியின் முகடு முதல் வெயிலில் சிவந்தது. பார்த்து முடிப்பதற்குள் கையிலிருந்த தேநீர் ஆறிவிட்டது. கூட்டம் அதிகம்தான். தங்குமிடங்களில் வெந்நீருக்கும் கைபேசி சார்ஜுக்கும் தனிக்கட்டணம் உண்டென்பதை முன்பதிவின்போதே சொல்லியிருக்கலாம். பருப்புச் சோற்றை மட்டும் கேட்கக் கேட்கப் பரிமாறினார்கள்.