ஷெல் ஸ்கிரிப்டில் ரவுண்ட் செய்ய எது நல்லது: ஆக் (awk), பி.சி. (bc என்ற கணக்குக் கருவி), அல்லது வெறும் பாஷ் (bash ஷெல்)?

குமரி மாவட்டத்தில் குலசேகரம், அருமனை பக்கம் ரப்பர் பால் எடுக்கிற கடைக்கு ஒரு கணக்கு ஸ்கிரிப்ட் எழுதுவதாக வைத்துக்கொள்ளுங்கள். பாலின் எடையை டி.ஆர்.சி. (பாலில் உள்ள உலர் ரப்பரின் பங்கு) சதவீதத்தால் பெருக்கினால் உலர் ரப்பர் எடை கிடைக்கும், அதை இரண்டு தசம இடத்துக்குச் சொல்ல வேண்டும். 7.5 கிலோ பால், டி.ஆர்.சி. 35 என்றால் 2.625 கிலோ. பள்ளிக்கூடத்தில் படித்தபடி 2.63. பால் கொண்டுவந்தவரும் அதைத்தான் எதிர்பார்ப்பார்.

ஆக்கில் பிரிண்ட்எஃப் (printf) போட்டு இரண்டு தசம இடம் கேட்டால் 2.62 வரும். பி.சி.யில் ஸ்கேலை (scale, எத்தனை தசம இடம் என்பதை) 2 என்று வைத்து வகுத்தாலும் அதே 2.62. இரண்டும் ஒத்துப்போகிறதே என்று நம்பிவிடாதீர்கள். 12.5 கிலோ போட்டுப் பாருங்கள், விடை 4.375, இப்போது ஆக் 4.38 என்கிறது, பி.சி. 4.37 என்கிறது. சரிபாதியில் நிற்கிற எண்ணை ஆக் பக்கத்து இரட்டைப்படைக்குத் தள்ளுகிறது, பி.சி. ரவுண்டே செய்வதில்லை, மிச்சத்தை வெட்டிவிடுகிறது. ஆக்கின் இந்த விதியும் பைனரியில் அப்படியே அடங்கும் எண்ணுக்குத்தான் பொருந்தும். 2.675 அப்படி அடங்காது, ஒரு துளி குறைவாகவே சேமிக்கப்படும், அதனால் 2.67 வரும்.

பி.சி.யைச் சரிசெய்வது எளிது: ஸ்கேல் 4இல் கணக்குப் போட்டு, 0.005 கூட்டி, பிறகு ஸ்கேலை 2 ஆக்கி 1ஆல் வகுக்க வேண்டும். தசமத்தைத் தசமமாகவே வைத்திருப்பதால் துல்லியம் போகாது. 0.75ஐ முன்னால் பூஜ்யம் இல்லாமல் .75 என்று காட்டும், பில்லில் பார்க்க நன்றாக இருக்காது, அவ்வளவுதான்.

ஆனால் எடைக்கும் காசுக்கும் நான் சொல்வது பாஷின் முழு எண் கணக்குதான். எல்லாவற்றையும் கிராமாக மாற்றிவிடுங்கள். 7500ஐ 35ஆல் பெருக்கி 100ஆல் வகுத்தால் 2625, அதோடு 5 கூட்டி 10ஆல் வகுத்தால் 263, அதாவது 2.63 கிலோ. கிலோ 200 ரூபாய் என்றால் அந்த 10 கிராம் 2 ரூபாய், அதை யாரும் விட்டுக்கொடுக்க வேண்டியதில்லை.

ஒன்றே ஒன்றில் கவனம் வேண்டும். தராசு காட்டும் 0.750இல் புள்ளியை எடுத்தால் 0750 ஆகும், முன்னால் பூஜ்யம் இருப்பதால் பாஷ் அதை எட்டடிமான (octal, 0 முதல் 7 வரை மட்டுமே இலக்கங்கள் உள்ள) எண்ணாக எடுத்து 488 என்று கணக்குப் போடும், எந்த எச்சரிக்கையும் வராது. 0850 ஆக இருந்தால் எட்டு செல்லாத இலக்கம் என்பதால் பிழையாவது காட்டும். எண்ணுக்கு முன்னால் 10# சேர்த்தால் இந்தத் தொல்லை இல்லை. அப்புறம், கழிவுக் கணக்கில் எண் மைனஸாக வந்தால் 5ஐக் கூட்டாமல் கழிக்க வேண்டும், பாஷ் எப்போதும் பூஜ்யத்தை நோக்கித்தான் வெட்டும்.

டிஸ்க் எத்தனை சதவீதம் நிரம்பியது, சராசரி எவ்வளவு என்று திரையில் காட்ட மட்டும் என்றால் ஆக்கையே வைத்துக்கொள்ளுங்கள், ஒரே வரியில் முடியும்.