16 பேர் கப்பலும் விடியற்காலைச் சங்கிலியும்

அடுத்த ஆண்டு ஓய்வு பெறவிருக்கும் நண்பர் ஒருவர், தென் அமெரிக்காவின் எக்வடோர் நாட்டுக்குச் சொந்தமான கலாபகோஸ் தீவுகளைச் சுற்றிப் பார்க்க 16 பேர் செல்லும் சிறிய கப்பல் தமக்கு ஒத்துவருமா, 100 பேர் செல்லும் கப்பலே நல்லதா என்று கேட்டு எழுதியிருந்தார். 2017 மார்ச்சிலும் 2023 செப்டம்பரிலும் சிறிய கப்பலில் எட்டெட்டு நாட்களும், இடையில் 2019-இல் பெரியதில் ஐந்து நாட்களும் கழித்தவன் நான். அங்கே பெரிய கப்பல் என்றாலே 100 பயணிகள்தான், அதற்கு மேல் அனுமதி இல்லை என்பதெல்லாம் அவருக்கே தெரியும். ஆகவே நேராகப் பதில் எழுத உட்கார்ந்தேன். நங்கூரச் சங்கிலியைத் தவிர வேறெதுவும் முதலில் நினைவுக்கு வரவில்லை.

தேசியப் பூங்காவின் தீவுகளில் காலை ஆறு மணி முதல் மாலை ஆறு மணி வரைதான் கால் வைக்கலாம். தீவுகளோ தள்ளித் தள்ளி இருக்கின்றன. எனவே கப்பல்கள் பெரும்பாலும் இரவில்தான் ஓடுகின்றன. விடிவதற்கு முன்பே அடுத்த தீவை அடைந்து நங்கூரம் பாய்ச்சுகின்றன. 2017-இல் விலை குறைவு என்பதற்காக நாங்கள் எடுத்திருந்த அறை கீழ்த்தளத்தில், நம் மீனவர்கள் அணியம் என்று சொல்லும் முன்பகுதியில் இருந்தது. சங்கிலி சுருண்டு கிடக்கும் அறைக்கும் எங்கள் தலையணைக்கும் நடுவே ஒரு தடுப்புச் சுவர் மட்டுமே. முதல் நாள் விடியற்காலை நான்கு மணிக்கு அந்தச் சங்கிலி ஓடியபோது, தகரக் கூரையின் மேல் யாரோ ஒரு லாரி ஜல்லியைக் கொட்டியது போல இருந்தது. "பாறையில் மோதிவிட்டதா?" என்று கேட்டுக்கொண்டே என் மனைவி உயிர்க்காப்பு உடையைத் தேட ஆரம்பித்துவிட்டாள். அது நின்றதும் எஞ்சின் அடங்கும். அப்பாடா என்று கண்ணை மூடினால், அதுவரை எஞ்சின் சத்தத்தில் மறைந்திருந்த ஜெனரேட்டரின் உறுமல் தனியாகக் கேட்கத் தொடங்கும். நான்காம் இரவுக்குப் பிறகு சங்கிலி எங்களை எழுப்பவில்லை. மூன்றரை மணிக்கே எழுந்து அதற்காகக் காத்திருக்கப் பழகிவிட்டோம்.

இதில் யாரையும் குறை சொல்ல எனக்கு நியாயமில்லை. கப்பலின் தள வரைபடத்தை முன்பதிவுக்கு முன்பே அனுப்பியிருந்தார்கள். நான்தான் விலைப்பட்டியலை மட்டும் பார்த்தேன். அந்த அறைக்காகவும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும்: கீழ்த்தளம், அதிலும் நடுப்பகுதி, மேல்தளத்தைவிடக் குறைவாகவே ஆடும். 2023-இல் புத்திசாலித்தனமாக இரட்டை உடல் கொண்ட காட்டமரான் கப்பலில் மேல்தள அறை எடுத்தேன். பக்கவாட்டு ஆட்டம் உண்மையிலேயே குறைந்தது. ஆனால் செப்டம்பர் அங்கே குளிர்ந்த ஹம்போல்ட் நீரோட்டம் வலுத்துக் கடல் கொந்தளிக்கும் காலம். இரண்டு உடல்களுக்கும் இடையில் புகுந்த அலை, அடித்தட்டை இரவெல்லாம் உள்ளங்கையால் அறைவது போல அறைந்துகொண்டே இருந்தது. தூக்கம்தான் முக்கியம் என்றால் ஜனவரி முதல் மே வரையுள்ள மாதங்களில் போவது நல்லது.

பகலைப் பற்றிச் சொல்வதென்றால் சிறிய கப்பலுக்கு இணை இல்லை. கரையில் எந்தக் கப்பலின் பயணியாக இருந்தாலும் 16 பேருக்கு ஒரு வழிகாட்டி என்பதே விதி. ஆகவே வேறுபாடு கரையில் இல்லை, கரைக்குப் போகும் வரையிலான காத்திருப்பில்தான் இருக்கிறது. பெரிய கப்பலில் எங்கள் குழுவுக்கு டால்பின் என்று பெயர் வைத்திருந்தார்கள். ஐம்பதைத் தாண்டிய மனிதன் ஒலிபெருக்கி டால்பின்களை அழைக்கும் வரை உயிர்க்காப்பு உடையோடு வரிசையில் நிற்க வேண்டியிருந்தது. சிறியதில் பாங்கா என்ற ரப்பர் படகு வந்து ஒட்டும். படகோட்டியின் முன்கையை நாம் பிடிக்க, அவர் நம் முன்கையைப் பிடிக்க, ஓரெட்டில் இறங்கிவிடலாம். பார்தலோமே தீவின் 300-க்கும் மேற்பட்ட மரப்படிகளில் மற்றக் கூட்டம் வருவதற்கு முன்பே ஏறி இறங்கிவிட்டோம்.

சாப்பாட்டுக்கு ஒரே நீள மேசை, எட்டு நாளும் அதே முகங்கள். தம்முடைய கேமரா லென்சுகளின் விலையை எனக்கு மனப்பாடமாக்கிய ஒருவரைத் தவிர மற்றவர்கள் நல்லவர்கள். சைவச் சாப்பாடு கவலைக்குரியதே அல்ல. மெனெஸ்ட்ரா என்ற பயறுக் குழம்பும் சோறும், வாழைக்காய் வறுவலும், ஆஹி என்ற மிளகாய்த் துவையலும் இருந்தால் நம்மவர்களுக்கு வேறென்ன வேண்டும்?

அந்தச் சங்கிலியால் ஒரு நன்மையும் விளைந்தது. ஜெனோவேசா தீவை நோக்கி நிலநடுக்கோட்டைக் கடந்து சென்ற இரவில், எப்படியும் எழுப்பப்போகிறார்களே என்ற ஆத்திரத்தில் முன்கூட்டியே மேல்தளத்துக்குப் போனேன். கப்பலின் விளக்கொளியில், கைப்பிடிக் கம்பிக்கு அப்பால் கை எட்டும் தூரத்தில், தகைவிலானைப் போலப் பிளந்த வாலுடைய கடற்காகங்கள் நான்கைந்து எங்களுடைய வேகத்திலேயே வந்துகொண்டிருந்தன. கடற்காக இனங்களில் முழுக்க இரவில் இரை தேடுவது இது ஒன்றுதான். கணவாய்களைப் பிடிப்பதற்காகக் கப்பல்களைத் தொடர்வதுண்டு. ஒரு பறவை தலையைத் திருப்பியபோது அதன் கண்ணைச் சுற்றியிருந்த சிவப்பு வளையம் தெளிவாகத் தெரிந்தது. சங்கிலி ஓடியபோது எல்லாம் ஒன்றாக விலகி இருட்டுக்குள் போய்விட்டன.

நண்பருக்கு நான் கடைசியில் எழுதியது, பெரிய கப்பலிலேயே போங்கள் என்பதுதான். வெளிநாட்டவருக்கான பூங்காக் கட்டணமே 2024 ஆகஸ்டில் 100 டாலரிலிருந்து 200 டாலராகிவிட்டது. இவ்வளவு செலவழித்துப் போகிறவர் தூங்கவாவது வேண்டும், மேலும் அவருக்கு இரத்த அழுத்தம் உண்டு, நான் போன பெரிய கப்பலில் மட்டுமே மருத்துவர் இருந்தார். எந்தக் கப்பலும் ஒரே இடத்துக்கு 14 நாட்களுக்குள் திரும்பி வரக்கூடாது என்ற விதி இருப்பதால், ஒரே கப்பலிலும் வாரத்துக்கு வாரம் பார்க்கும் இடங்கள் மாறும். ஆகவே கப்பலைவிட எந்தப் பாதை, எத்தனை நாள் என்பதை முதலில் பார்க்கச் சொன்னேன்.

பெரிய கப்பலுக்குப் பின்னாலும் அந்தக் கடற்காகங்கள் வருமா என்று உடனே திருப்பிக் கேட்டிருக்கிறார். வந்திருக்கலாம், நான்கு இரவும் நான் நன்றாகத் தூங்கிவிட்டேன்.