அன்றே வீடு திரும்பும் ஆபரேஷனும் கைபேசிச் செயலியும்: ஒன்றரை ஆண்டு அனுபவம்

2023 ஜூனில் அப்பாவுக்கு வலது கண்ணில் புரை ஆபரேஷன். 2024 ஜனவரியில் எனக்குக் குடலிறக்கத்துக்கு (ஹெர்னியா) லேப்ராஸ்கோப்பி, அதாவது சிறு துளை வழியாகச் செய்யும் ஆபரேஷன். அதே ஆண்டு ஆகஸ்டில் அப்பாவுக்கு இடது கண். மூன்றுமே டே கேர். காலையில் போய்ச் சேர்ந்து, பொழுது சாயும் நேரம் வீட்டுக்கு வந்துவிட்டோம். அதன் பிறகு வரும் நாட்களைத்தான் நாமே பார்த்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. முதல் ஆபரேஷனில் எங்களிடம் செயலி எதுவும் இல்லை. அடுத்த இரண்டில் மொத்தம் மூன்று செயலிகள்: எனக்கு என் மருத்துவமனை கொடுத்தது, அப்பாவின் கண் மருத்துவமனை கொடுத்தது, மருந்து நேரத்தை ஞாபகப்படுத்த நானாகப் போட்ட பொதுவான செயலி ஒன்று. எதில் உதவின, எங்கே காலை வாரின என்பதைச் சொல்கிறேன்.

என் ஆபரேஷனிலிருந்து தொடங்குகிறேன். வயிற்றில் மூன்று சிறு துளைகள், பலவீனமான இடத்தைத் தாங்க உள்ளே ஒரு வலை. டிஸ்சார்ஜுக்கு முன் வார்டு சிஸ்டரே என் போனில் செயலியை இறக்கி, ஒரு தடவை படம் எடுத்து அனுப்பிப் பார்க்க வைத்தார். அந்த ஐந்து நிமிடம் மிகவும் பயன்பட்டது. வீட்டுக்கு வந்து மயக்க மருந்தின் அசதியோடு கடவுச்சொல் உருவாக்கிக்கொண்டிருக்க முடியாது.

முதல் நாள் ராத்திரி அது கேட்ட முதல் கேள்வி, சிறுநீர் போனீர்களா என்பது. குடலிறக்க ஆபரேஷனுக்குப் பிறகு சிலருக்குச் சிறுநீர் அடைத்துக்கொள்ளும், அதனால் கேட்கிறார்கள். கேட்டிராவிட்டால் நானாக அதைப் பொருட்படுத்தியிருக்க மாட்டேன். மலச்சிக்கல் பற்றி மட்டும் அது ஒரு நாளும் கேட்கவில்லை. வலி மாத்திரைகளில் சில வயிற்றைக் கட்டிவிடும். முக்கினால் தையல் போட்ட இடத்தில் அழுத்தம் விழும். குடலிறக்கத்துக்கென்றே செய்த செயலியில் இந்தக் கேள்வி இருந்தாக வேண்டும்.

நான்காம் நாள் குளிக்கும்போது பார்த்தால் தொடை இடுக்கில் கருநீலமாகக் கன்றியிருந்தது. கை கால் ஓடவில்லை. ஜன்னல் வெளிச்சத்தில் நின்று, பக்கத்தில் ஒரு ஐந்து ரூபாய் நாணயத்தை வைத்து, படம் எடுத்து அனுப்பினேன். நாணயம் வைத்ததால் கன்றிய இடத்தின் அளவு அவர்களுக்குப் புரியும். டியூப் லைட்டில் எடுத்தால் நிறமே மாறிவிடுகிறது என்பதை முந்தைய நாள் படத்தில் கற்றுக்கொண்டிருந்தேன். நாற்பது நிமிடத்தில் பதில் வந்தது: "ரத்தம் கீழே இறங்கி நிற்கிறது, சகஜம்தான். வீக்கம் கூடினாலோ, காய்ச்சல் வந்தாலோ உடனே கூப்பிடுங்கள்." பதில் எழுதிய சிஸ்டரின் பெயரும் கீழே இருந்தது. செயலி இல்லாவிட்டால் அன்றைக்கு ஆட்டோ பிடித்து, வெளிநோயாளிப் பிரிவில் மூன்று மணி நேரம் அந்த வலியோடு உட்கார்ந்திருப்பேன். இரண்டு வாரத்தில் மஞ்சளாகி மறைந்துவிட்டது.

டொராண்டோவில் மார்பகச் சீரமைப்பு ஆபரேஷன் முடிந்து அன்றே வீடு திரும்பிய 65 பெண்களிடம், இப்படிச் செயலியில் படம் அனுப்பும் முறையைச் சோதித்துப் பார்த்து 2017இல் வெளியிட்டிருக்கிறார்கள். செயலி வழியாகத் தொடர்பில் இருந்தவர்கள் நேரில் ரிவ்யூவுக்கு வந்தது குறைந்தது, சிக்கல்கள் கூடவில்லை. அங்கே அனுப்பிய படங்களை மருத்துவரின் தரப்பில் பார்க்க ஆள் இருந்தது. என் விஷயத்திலும் அந்தப் பக்கம் ஒரு சிஸ்டர் இருந்தார். அப்பாவுக்கு அது அமையவில்லை.

அதைச் சொல்வதற்கு முன் சொட்டு மருந்துக் கணக்கைச் சொல்லிவிட வேண்டும். அப்பாவுக்கு எழுதிக்கொடுத்தது இது, உங்கள் டாக்டர் வேறு மாதிரி எழுதலாம். ஸ்டீராய்டு சொட்டு முதல் வாரம் தினம் ஆறு வேளை, அடுத்த வாரம் ஐந்து, பிறகு நான்கு, மூன்று, இரண்டு, ஒன்று. ஆறு வாரத்தில் 147 வேளை. கிருமிக்கொல்லி சொட்டு தினம் நான்கு வேளை, இரண்டு வாரம், அது 56. ஆக 203 வேளை. ஒரு மருந்துக்கும் அடுத்ததற்கும் நடுவே ஐந்து நிமிட இடைவெளி. கை கழுவி, கீழ் இமையைக் கொஞ்சம் இழுத்து, பாட்டில் முனை கண்ணில் படாமல் ஒரு சொட்டு விட்டு, கண்ணை மூடி மூக்கோரத்தில் ஒரு நிமிடம் அழுத்த வேண்டும். கும்பகோணம் வீட்டில் இதைச் செய்தது எழுபதை நெருங்கும் என் அம்மா. நான் கோயம்புத்தூரில் இருக்கிறேன்.

வலது கண்ணுக்கு அம்மா தினசரி காலண்டரின் பழைய அட்டை ஒன்றைத் திருப்பி, ஸ்கேல் வைத்துக் கட்டம் போட்டாள். ஒவ்வொரு வேளைக்கும் ஒரு கட்டம், சொட்டு விட்டதும் பேனாவால் ஒரு கோடு. ஆறு வாரத்தில் ஒரு கட்டம்கூட விடுபடவில்லை. அந்த அட்டையை இன்னும் பீரோவில் வைத்திருக்கிறாள்.

இடது கண்ணுக்கு நான்தான் அட்டை வேண்டாம் என்றேன். நான் போட்ட மருந்து நேரச் செயலியில் அப்பா டிக் செய்தால் என் போனிலும் தெரியும், தூரத்திலிருந்தே பார்த்துக்கொள்ளலாம் என்பது என் எண்ணம். முதல் வாரம் நன்றாகவே போனது. ஆபீஸில் உட்கார்ந்தபடி பன்னிரண்டு மணி சொட்டுக்கு டிக் விழுவதைப் பார்ப்பது பெரிய நிம்மதி. நடுநடுவே போன் போட்டு "மருந்து விட்டாச்சா" என்று நச்சரிக்காமல், அப்பாவிடம் சாவகாசமாகப் பேச முடிந்தது.

எட்டாம் நாள் முதல் சிக்கல். இந்த வகைச் செயலிகளில் நான் பார்த்தவரை "தினமும் இத்தனை மணிக்கு" என்றுதான் போட முடிகிறது. வாரா வாரம் ஒரு வேளை குறையும் மருந்தென்றால் ஆறு தனிப் பதிவுகள் போட்டு, ஒவ்வொன்றுக்கும் தொடங்கும் நாள், முடியும் நாள் தர வேண்டும். ஆபரேஷன் நாளைச் சேர்த்து எண்ணுவதா, விட்டு எண்ணுவதா என்பதில் நான் பிசகியதால் முதல் வாரப் பதிவும் இரண்டாம் வாரப் பதிவும் ஒரே நாளில் சேர்ந்து அடித்தன. "என்னடா இது, இன்னைக்கு நாள் பூரா அடிச்சுக்கிட்டே இருக்கு" என்று அம்மா கூப்பிட்ட பிறகுதான் எனக்கே தெரிந்தது. ஸ்டீராய்டு சொட்டை அளவுக்கு மேல் விட்டால் சிலருக்குக் கண் அழுத்தம் கூடும், திடீரென்று நிறுத்தினால் உள்ளே அழற்சி திரும்பும். கூடினாலும் குறைந்தாலும் சிரமம் தரும் மருந்து அது.

அந்தக் குறைவும் இரண்டே நாளில் வந்தது. அப்பாவின் போனில் ராத்திரியோடு ராத்திரியாக மென்பொருள் அப்டேட் ஏறியிருக்கிறது. அதற்குப் பிறகு பேட்டரியை மிச்சம் பிடிக்கிறேன் என்று போன் அந்தச் செயலியைத் தூங்கவைத்துவிட்டது. பத்தாம் நாளும் பதினோராம் நாளும் மணி அடிக்கவே இல்லை. அப்பா மணிக்காகக் காத்திருந்தார். அட்டை இருந்திருந்தால் காலியான கட்டம் அம்மாவின் கண்ணில் பட்டிருக்கும். என் போனில் டிக் இல்லாததை நான் பார்த்தேன். டிக் செய்ய மறந்திருப்பார், மருந்து விட்டிருப்பார் என்று விட்டுவிட்டேன். இதை எழுதும்போதும் மனசு கனக்கிறது.

பதினோராம் நாள் சாயங்காலம் அப்பா பேசினார். "வெளிச்சத்தைப் பார்த்தா கூசுதுப்பா, கண்ணு லேசா செவந்திருக்காம், அம்மா சொல்றா." உடனே அம்மாவிடம் கண்ணைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லி, மருத்துவமனைச் செயலியில் நானே ஏற்றினேன். மணி 7.40. "உங்கள் பதிவு பெறப்பட்டது, 24 மணி நேரத்துக்குள் தொடர்புகொள்வோம்" என்று அது தானாகப் பதில் சொன்னது. சிவந்த கண் அவ்வளவு நேரம் காத்திருக்கலாமா? டிஸ்சார்ஜ் சம்மரியின் அடியில் இருந்த நம்பருக்கு அடித்தேன். எடுத்த சிஸ்டர் மூன்றே கேள்விதான் கேட்டார்: நேற்றைவிடப் பார்வை மங்கலா இருக்கா? வலி கூடிக்கொண்டே போகுதா? பீளை தள்ளுதா? முதலாவதுக்கு ஆமாம் என்றதும், "இப்பவே கூட்டிட்டு வரச் சொல்லுங்க, டியூட்டி டாக்டர் இருக்கார்" என்றார். அம்மா ஆட்டோவில் கூட்டிப்போனாள். நல்ல வேளையாகக் கிருமித் தொற்று இல்லை, மருந்து நின்றதால் வந்த அழற்சி. அடுத்த ஒரு நாள் விழித்திருக்கும் நேரமெல்லாம் மணிக்கொரு சொட்டு, பிறகு மறுபடி ஆறிலிருந்து குறைத்துக்கொண்டு வந்தார்கள். பார்வை முழுசாகத் திரும்பியது. அன்று ராத்திரியே அம்மா புது அட்டையில் கட்டம் போட்டுவிட்டாள்.

அப்புறம் நான் செய்தது: அப்பாவின் போனில் செட்டிங்ஸுக்குள் போய், அந்தச் செயலிக்குப் பேட்டரிக் கட்டுப்பாட்டை முழுவதும் எடுத்துவிட்டேன். ஆண்ட்ராய்டு 13 முதல், அறிவிப்பு காட்டுவதற்கே செயலிகள் அனுமதி வாங்க வேண்டும். அது இருக்கிறதா என்று பார்த்தேன். போனின் திரையை மட்டும் அணைத்துப் போட்டு, ராத்திரி முழுக்கத் தொடாமல் விட்டு, காலை ஆறுக்கு மணி அடிக்கிறதா என்று சோதித்தேன். இந்தச் சோதனையை ஆபரேஷனுக்கு முந்தைய வாரமே செய்திருக்க வேண்டும்.

வலியைக் கேட்கும் விதம் பற்றியும் சொல்லியாக வேண்டும். மூன்று செயலிகளில் இரண்டு, வலி எவ்வளவு, பூஜ்யத்திலிருந்து பத்துக்குள் சொல்லுங்கள் என்று கேட்டன, கூடவே சிரிக்கும் முகம், அழும் முகம். அப்பா தினமும் பூஜ்யம் போட்டார். அந்தப் பதினோராம் நாளிலும் பூஜ்யம்தான். கேட்டால், "வலியில்லையே, உறுத்துது, அவ்வளவுதான்" என்றார். அவருக்கு உறுத்தல் வேறு, வலி வேறு. மண் விழுந்த மாதிரி உறுத்துவது, எரிவது, கூசுவது, சுருக்கென்று குத்துவது, விண்விண்ணென்று தெறிப்பது என்று நம்மிடம் எத்தனை சொல் இருக்கிறது! கண்ணைப் பொறுத்தவரை இவை ஒவ்வொன்றும் டாக்டருக்கு வேறு வேறு சேதி. முதல் நாட்களில் லேசான உறுத்தல் இருக்கத்தான் செய்யும். பத்து நாள் கழித்துக் கூச ஆரம்பித்தால் விஷயம் வேறு. தமிழில் செயலி செய்பவர்கள் ஒரு நாள் கண் ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்து, வருகிற பெரியவர்கள் எப்படிச் சொல்கிறார்கள் என்று காது கொடுத்துக் கேட்டால் போதும். இப்போது இருக்கும் தமிழில் சொட்டு மருந்துக்குக்கூட "எடுத்துக்கொண்டீர்களா" என்று கேட்கிறது. அம்மா அதைக் குடிக்கும் மருந்து என்று நினைத்து ஒரு கணம் பயந்துவிட்டாள்.

எடை விஷயமும் இப்படித்தான். ஐந்து கிலோவுக்கு மேல் தூக்க வேண்டாம் என்று எனக்கு அறிவுரை வந்தது. இருபது லிட்டர் தண்ணீர் கேன், நிறைகுடம், சிலிண்டர் என்று போட்டிருந்தால் வீட்டில் எல்லோருக்கும் புரிந்திருக்கும்.

ஸ்வீடனில் டே கேர் ஆபரேஷன் முடிந்தவர்களுக்கு இதற்கென்று ஒரு செயலி செய்திருக்கிறார்கள். 14 நாள், தினமும் 24 கேள்விகள். கூடவே, நர்ஸ் உங்களைக் கூப்பிட வேண்டுமா என்று ஒரு கேள்வி. ஆம் என்றால் கூப்பிடுவார்கள். எனக்கு அந்த ஒரு கேள்வி கிடைத்தால் போதும், நடை எண்ணிக்கை, வரைபடம், "சபாஷ்" பதக்கங்கள் எதுவும் வேண்டாம்.

படங்கள் பற்றி ஒரு எச்சரிக்கை. என் காயத்தைப் போன் கேமராவிலேயே எடுத்ததால் அது கேலரியில் சேர்ந்து, தானாக வீட்டார் எல்லோரும் பார்க்கும் ஆல்பத்துக்கும் போய்விட்டது. அக்கா பதறிப்போய்க் கூப்பிட்டாள். செயலிக்குள் கேமரா இருந்தால் அதில் எடுப்பது நல்லது. எடுத்தது கேலரியில் சேர்கிறதா என்று ஒரு தடவை பார்த்துக்கொள்ளுங்கள்.

சொட்டு மருந்துப் பாட்டிலில் "திறந்த ஒரு மாதத்துக்குள்" என்று அச்சிட்டிருக்கும். சிகிச்சை ஆறு வாரம். ஆகவே நடுவில் புதுப் பாட்டில் வாங்க வேண்டும். நான் போட்ட செயலி இதை ஞாபகப்படுத்தவில்லை. அம்மா பாட்டிலைத் திறந்த தேதியை அட்டையின் ஓரத்தில் எழுதிவைத்திருந்தாள்.

அடுத்த வாரம் சித்தப்பாவுக்குக் கண் ஆபரேஷன். நேற்று அவர்கள் வீட்டுக்குப் போய், அவர் போனில் மருந்துச் செயலியைப் போட்டு, பேட்டரி அமைப்பை மாற்றி, ராத்திரி சோதனைக்கு வைத்துவிட்டு வந்தேன். அம்மாவின் கட்டத்தைப் பார்த்து ஒரு அட்டையும் தயார். சித்தி ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்: "ராத்திரி பத்து மணிக்குக் கூப்பிட்டா யாருப்பா எடுப்பாங்க?" டிஸ்சார்ஜ் ஆகும்போது அங்கேயே கேட்டு எழுதச் சொல்லி, அட்டையின் தலைப்பில் அந்தப் பெயருக்கும் நம்பருக்கும் இடம் விட்டிருக்கிறேன்.